நிலாவுக்கு ஒரே பெரிய ராக்கெட்டா, இரண்டு நடுத்தர ராக்கெட்டா?

பாம்பன் புதிய ரயில் பாலத்தின் நடுவில், கப்பலுக்கு வழிவிட மேலே ஏறும் பகுதி இருக்கிறதல்லவா, அதன் நீளம் 72.5 மீட்டர், எடை சுமார் 660 டன். அதை 17 மீட்டர் தூக்குவதற்கே இரு பக்கமும் கோபுரம், எதிர் எடை, இரும்பு வடம், மோட்டார் என்று பெரிய ஏற்பாடு தேவைப்படுகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் நம் எல்விஎம்-3 ராக்கெட்டின் எடை 640 டன். ஏறக்குறைய அந்தப் பாலத்துண்டு அளவு. 2023 ஜூலை 14 அன்று அந்த 640 டன்னும் எரிந்து உயர்ந்தது, 3.9 டன் எடையுள்ள சந்திரயான்-3ஐ வழியனுப்பத்தான். அந்த 3.9 டன்னிலும் பாதிக்கு மேல் உந்துகலம். நிலாவில் இறங்கிய விக்ரம், எரிபொருளோடு சேர்த்து 1.75 டன். அதற்குள் இருந்த பிரக்யான் வண்டி 26 கிலோ.

640 டன் போட்டு 26 கிலோ வண்டி. இந்தக் கணக்கைக் கேட்டதும் எங்கள் பக்கம் பலருக்கும் வரும் முதல் யோசனை, ‘அப்போ ராக்கெட்டைப் பெருசாக் கட்ட வேண்டியதுதானே’ என்பதுதான். கலாம் பிறந்த தீவுக்காரர்கள் நாங்கள். ராக்கெட் பற்றிக் கருத்துச் சொல்லாமல் இருக்க முடியாது. தங்கச்சிமடம் டீக்கடையில் நடக்கும் விவாதத்தைக் கேட்டால் இஸ்ரோ தலைவர் பதவிக்கு நாலு பேர் தயாராக இருப்பது தெரியும்.

யோசனையில் தப்பில்லை. ஆனால் பெரிய ராக்கெட் என்பது ஒரு வழி மட்டுமே. 2040க்குள் இந்தியர் ஒருவர் நிலாவில் கால் வைக்க வேண்டும் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் மண் எடுத்து வர வேண்டும், கனமான வண்டிகளை இறக்க வேண்டும். இதற்கெல்லாம் எந்த வழியில் பணத்தைப் போடுவது என்று பார்த்தால் நான்கு வழிகள் தெரிகின்றன. ஒரே வீச்சில் எல்லாவற்றையும் கொண்டுபோகும் ராட்சத ராக்கெட். ராட்சத ராக்கெட்டையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, விண்வெளியில் எரிபொருள் நிரப்பிப் போவது. நடுத்தர ராக்கெட்டுகள் இரண்டை அனுப்பி மேலே இணைத்துக்கொள்வது. நாலாவது, அடுத்தவர் ராக்கெட்டில் இடம் வாங்கிப் போவது.

குலசையிலிருந்து நிலாவுக்கா?

ஒப்பிடுவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பக்கத்து மாவட்டத்தில், குலசேகரன்பட்டினத்தில், 2024 பிப்ரவரி 28 அன்று ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அன்றிலிருந்து சாயல்குடி, மூக்கையூர் பக்கம் ‘இனிமே நிலாவுக்கு இங்கேயிருந்துதான்’ என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அப்படி இல்லை. குலசை ஏவுதளம் எஸ்எஸ்எல்வி என்ற சின்ன ராக்கெட்டுக்கானது. 500 கிலோ வரை பூமியின் தாழ் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோகும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கைக்கு மேல் போகக்கூடாது என்பதற்காக ராக்கெட் வளைந்து போக வேண்டும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவே பெரிய நஷ்டம். குலசையில் அந்தத் தொல்லை இல்லை. தெற்கே திறந்த கடல்.

நிலாவுக்குப் போவதற்குக் கிழக்கே ஏவ வேண்டும். பூமி தன்னைத் தானே சுற்றும் வேகம், நிலநடுக்கோட்டுப் பக்கம் நொடிக்கு 460 மீட்டருக்கு மேல், அப்போதுதான் சும்மா கிடைக்கும். குலசையிலிருந்து கிழக்கே பார்த்தால் எதிரே இலங்கை நிற்கிறது. எனவே நிலா ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவில்தான் நிற்கும். அங்கே 3,985 கோடி ரூபாயில் மூன்றாவது ஏவுதளத்துக்கு 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் இதற்காகத்தான். ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்ற அறிவிப்பு பழவேற்காட்டு மீனவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. மன்னார் வளைகுடாவில் தொழில் செய்கிறவர்கள் குலசையை நினைத்து அந்தக் கவலைப்படுவது நியாயம்தான். அது தனிக் கதை. இன்னொரு நாள் எழுத வேண்டியது.

ராட்சத ராக்கெட்

இந்த வழியில் போய் ஜெயித்தவர்கள் அமெரிக்கர்கள். சாட்டர்ன்-5 ராக்கெட் 110 மீட்டர் உயரம். நிலாவை நோக்கி ஏறக்குறைய 48 டன் தள்ளிவிடும். 1967 முதல் 1973 வரை 13 முறை பறந்தது. 1972 டிசம்பரில் அப்பல்லோ-17 திரும்பியதோடு நிலாப் பயணம் நின்றது. ராக்கெட் மோசமாக இருந்ததால் நிறுத்தவில்லை, செலவு தாங்காமல் நிறுத்தினார்கள். எத்தனை பேர் இதைக் கவனிக்கிறோம் என்று தெரியவில்லை: உலகத்தின் மிக வெற்றிகரமான நிலா ராக்கெட், தன் விலையாலேயே ஓய்வுபெற்றது.

அதன் இன்றைய வாரிசு நாசாவின் எஸ்எல்எஸ் ராக்கெட். 98 மீட்டர். விண்வெளி ஓடங்களுக்காகச் செய்த ஆர்எஸ்-25 எஞ்சின்கள் நான்கு, பக்கத்தில் இரண்டு திட எரிபொருள் பூஸ்டர்கள். கிளம்பும்போது சாட்டர்னைவிட அதிக உந்துவிசை. ஆனால் இப்போதைய வடிவத்தில் நிலாவை நோக்கி 27 டன்தான் தள்ளும். மனிதர் உட்கார்ந்து போகும் ஓரியன் கலத்துக்கே அது சரியாகப்போகிறது. நிலாவில் இறங்கும் கலத்தை வேறொரு ராக்கெட் தனியாகக் கொண்டுவர வேண்டும். ‘ஒரே வீச்சில் எல்லாம்’ என்ற லட்சியம் அங்கேயே அடிபட்டுவிட்டது.

2022இல் எஸ்எல்எஸ்ஸின் முதல் பறத்தலான ஆர்ட்டெமிஸ்-1 கிளம்பப் பட்ட பாட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் இருக்கும். அணுக்களிலேயே லேசானது ஹைட்ரஜன். எந்த இடுக்கு கிடைத்தாலும் நழுவும். ஆகஸ்ட் கடைசியில் ஒரு முயற்சி நின்றது. செப்டம்பர் 3 அன்று, ராக்கெட்டின் அடியில் எரிபொருள் குழாய் வந்து பொருந்தும் இணைப்பில் கசிவு. மறுபடி மறுபடி சூடாக்கிக் குளிர்வித்துப் பார்த்தும் அடங்கவில்லை. கடைசியில் நவம்பர் 15ஆம் தேதி இரவு, எரிபொருள் நிரப்பிய ராக்கெட்டின் அடிக்கே மூன்று பேர் போய், ஒரு வால்வின் நட்டுகளை முடுக்கிவிட்டு வந்த பிறகுதான் அது கிளம்பியது. ஒரு பறத்தலுக்கு, ஓரியனும் தரை ஏற்பாடுகளும் சேர்த்து, 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கை அதிகாரியே 2022இல் கணக்குச் சொன்னார். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 35,000 கோடி ரூபாய். நம் விண்வெளித் துறைக்கு 2025–26 பட்ஜெட்டில் ஒதுக்கியது 13,416 கோடி. அவர்களின் ஒரு பயணம் நமக்கு இரண்டரை வருஷச் சம்பளம், சாப்பாடு எல்லாம் சேர்த்தது.

வருஷத்துக்கு ஒன்று பறந்தாலே அதிகம் என்ற நிலையில் இருக்கும் ராக்கெட்டுக்கு, பறக்காத நாளிலும் தொழிற்சாலைக்கும் ஏவுதளத்துக்கும் ஆட்களுக்கும் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். இது எங்கள் கடற்கரைக்குப் புரியாத விஷயமில்லை. பாக் நீரிணையில் இழுவைமடியை விட்டுவிட்டு ஆழ்கடலுக்குப் போங்கள் என்று 2017இல் சூரைமீன் படகுத் திட்டம் வந்தது. படகு 80 லட்சம், மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து 70 சதவீதம் மானியம். இருந்தும் ராமேஸ்வரத்து விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் பாய்ந்து போய் வாங்கிவிடவில்லை. பெரிய படகை வாங்கிவிடலாம். அதைக் கட்டிவைக்கும் துறைமுகம், வாரக்கணக்கில் தங்கிப் பிடிக்கப் பழகிய ஆட்கள், ஒரு தடவை வெறுங்கையோடு திரும்பினால் தாங்கும் முதல், இத்தனையும் கூடவே வர வேண்டும். ராட்சத ராக்கெட்டிலும் விலைச்சீட்டில் தெரிவது ராக்கெட் மட்டும்தான்.

ஸ்டார்ஷிப் சொல்லும் வழி

அந்த விலைப் பிரச்சினைக்கு ஸ்பேஸ்எக்ஸ் சொல்லும் பதில்: ராக்கெட்டைத் தூக்கி எறியாதே. ஸ்டார்ஷிப் 120 மீட்டருக்கு மேல் உயரம், அடியில் 33 ராப்டர் எஞ்சின்கள், மீத்தேனும் திரவ ஆக்சிஜனும். உந்துவிசை சாட்டர்ன்-5ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். 2023 ஏப்ரல் 20 முதல் பறத்தலில் ஏவுமேடையின் கான்கிரீட்டையே பெயர்த்து வீசியது. 2024 அக்டோபர் 13 அன்று, திரும்பி வந்த பூஸ்டரைக் கோபுரத்தின் இரண்டு இரும்புக் கைகள் அந்தரத்தில் பிடித்தன. அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் எங்கள் ஊரில் கிடையாது.

பாம்பனில் படகு எஞ்சின் வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது இது: “தம்பி, முப்பத்து மூணு எஞ்சின்ங்குற. ஒண்ணு மக்கர் பண்ணுனா?”

“ஒண்ணு ரெண்டு நின்னாலும் போயிரும்ணே. மத்ததை வச்சு ஓட்டிக்கிருவாங்க.”

“நிக்கிறது பிரச்சினையில்ல தம்பி. ஒண்ணு வெடிச்சா பக்கத்துல இருக்கிறது என்னாகும்?”

சரியான கேள்வி. சோவியத் ஒன்றியம் அறுபதுகளின் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் தோற்றது. அவர்களின் என்-1 ராக்கெட்டின் அடியில் 30 எஞ்சின்கள். 1969க்கும் 1972க்கும் நடுவில் நாலு முறை ஏவினார்கள், நாலும் தோல்வி. இரண்டாவது முறை ஏவுதளமே போய்விட்டது. முதல் கட்டத்தின் 30 எஞ்சின்களையும் ஒன்றாகத் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்க்கும் வசதி அவர்களிடம் இருக்கவில்லை. பறக்கவிட்டுத்தான் சோதிக்க வேண்டியிருந்தது. இன்று கணினியும் தரைச் சோதனையும் நிலைமையை மாற்றிவிட்டன. 27 எஞ்சின் உள்ள ஃபால்கன் ஹெவி 2018 முதல் ஒழுங்காகப் பறக்கிறது. அண்ணனின் கேள்விக்கு இன்றைய பதில்: எஞ்சின்களுக்கு நடுவே கவசம், அப்புறம் தரையில் ஓயாமல் சோதனை. இஸ்ரோ எஞ்சின்களைத் தரையில் எரித்துச் சோதிக்கும் மகேந்திரகிரி நமக்கு இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும்.

எஞ்சினைவிடப் பெரிய சிக்கல் மேலே போன பிறகு வருகிறது. ஸ்டார்ஷிப் பூமியின் தாழ் சுற்றுப்பாதையை அடையும்போது அதன் தொட்டி ஏறக்குறைய காலி. நிலாவுக்குப் போக வேண்டுமென்றால் வேறு ஸ்டார்ஷிப்கள் எரிபொருள் சுமந்து வந்து அதை நிரப்ப வேண்டும். எத்தனை தடவை என்பதற்குப் பல எண்கள் சொல்லப்படுகின்றன. நாசா தரப்பிலேயே பத்துக்கு மேல் என்று பேசியிருக்கிறார்கள். எடையில்லாத இடத்தில் திரவம் தொட்டியின் அடியில் தங்காது, உருண்டை உருண்டையாக மிதக்கும். அதை ஒரு பக்கம் ஒதுக்கச் சின்ன உந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி. வெயில் படப்பட ஆவியாகும். இன்று நிரப்பியதில் ஒரு பங்கு, அடுத்த நிரப்பல் வருவதற்குள் போய்விடும். 2025 கடைசி வரை ஸ்டார்ஷிப் 11 சோதனைப் பறத்தல்களை முடித்திருந்தது. ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு எரிபொருள் மாற்றுவது அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த வழியில் ஒரு நல்ல குணம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாரபட்சம். எரிபொருள் சுமக்கும் ராக்கெட் ஒன்று தோற்றால் எரிபொருள்தான் போகும், இன்னொன்றை அனுப்பலாம். விலை உயர்ந்த, உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிற கலம் பத்திரமாக இருக்கும். பத்து ஏவல் என்றதும் பத்து மடங்கு ஆபத்து என்று பயப்படுவது தப்புக் கணக்கு. இதை நாம் பின்னாளில் நகலெடுக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். முதலில் அல்ல. 33 எஞ்சின், வாரத்துக்கு ஒரு ஏவல் என்ற வேகம், அந்த வேகத்துக்குக் காசு தரும் ஸ்டார்லிங்க் இணையச் சேவை போன்ற சொந்த வியாபாரம், எதுவும் நம்மிடம் இப்போது இல்லை.

இரண்டு அனுப்பி மேலே இணைப்பது

இந்த ஒப்பீட்டில் எனக்கு அதிகம் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டேன். ஏனென்றால் ஒரே வேலையை இரண்டு நாடுகள் இரண்டு விதமாகச் செய்வதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வேலை: நிலாவில் இறங்கி மண் எடுத்துப் பூமிக்குக் கொண்டுவருவது.

சீனா அதை லாங் மார்ச்-5 என்ற பெரிய ராக்கெட்டில் ஒரே ஏவலில் செய்தது. சாங்-ஏ-5 கலத்தின் எடை 8.2 டன். 2020 நவம்பரில் கிளம்பி, டிசம்பரில் 1,731 கிராம் மண்ணோடு திரும்பியது. 2024இல் சாங்-ஏ-6, நிலாவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம் கொண்டுவந்தது. அருமையான சாதனை. ஆனால் சாங்-ஏ-5 முதலில் 2017இல் போக வேண்டியது. அந்த வருஷம் ஜூலை 2 அன்று லாங் மார்ச்-5 தன் இரண்டாவது பறத்தலில் தோற்றது. முதல் கட்ட எஞ்சினின் டர்பைன் பகுதியில் கோளாறு. சரிசெய்து 2019 டிசம்பரில்தான் மறுபடி பறந்தது. கலம் தயார், விஞ்ஞானிகள் தயார், ராக்கெட் இல்லை. அந்தப் பெரிய ராக்கெட்டை விட்டால் வேறு எதிலும் அதை ஏற்ற முடியாது என்பதால் மூன்று வருஷம் காத்துக் கிடந்தார்கள்.

சந்திரயான்-4 அதே வேலைக்குத்தான். எடை 9.2 டன். எல்விஎம்-3ஆல் ஒரே தடவையில் அதைத் தூக்க முடியாது. அதனால் ஐந்து பகுதிகளாகப் பிரித்து, இரண்டு எல்விஎம்-3களில் ஏற்றி, பூமியைச் சுற்றும்போதே ஒன்றோடொன்று இணைத்து நிலாவுக்கு அனுப்புவது திட்டம். 2024 செப்டம்பர் 18 அன்று 2,104 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. ராக்கெட் புதிதாகக் கட்ட வேண்டாம். இருப்பதே போதும். எல்விஎம்-3 சந்திரயான்-2ஐயும் 3ஐயும் ஏற்றிப்போன ராக்கெட்; மனிதரை ஏற்றிச் செல்வதற்கு ஏற்றபடி ககன்யானுக்காகத் தயாராகும் ராக்கெட்டும் அதுதான். பல வேலைக்கு ஓடுகிற ராக்கெட், அதனால் ஒவ்வொரு பறத்தலிலும் அதைப் பற்றிப் புதிதாக ஏதாவது தெரிந்துகொள்கிறார்கள்.

எதிர்க்கேள்வி உண்டு. இரண்டு ராக்கெட் என்றால் இரண்டும் வெற்றிபெற வேண்டும். ஒன்று நூற்றுக்கு 97 முறை ஜெயிக்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து ஜெயிக்க நூற்றுக்கு 94. அதற்கு மேல் இணைப்பு வேலை வேறு. அது தவறினால் இரண்டும் வீண். உண்மைதான். ஆனால் இந்த இடத்தில் எல்லாரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது: ராட்சத ராக்கெட் வைத்திருக்கிறவனும் இணைப்பு வேலையிலிருந்து தப்ப முடியாது. அப்பல்லோவில் நிலாவிலிருந்து ஏறிவந்த கலம், மேலே சுற்றிக்கொண்டிருந்த தாய்க்கலத்தோடு இணைய வேண்டியிருந்தது. சாங்-ஏ-5, நிலாவின் சுற்றுப்பாதையில் தானியங்கியாகவே இணைந்து மண்ணைக் கைமாற்றியது. சந்திரயான்-4க்கும் அதே வேலை நிலாவருகே உண்டு. எஸ்எல்எஸ்ஸில் போகும் ஓரியனும் இறங்குகலத்தைத் தேடிப்போய் இணைந்தாக வேண்டும். ராக்கெட்டின் அளவு எதுவானாலும் இந்தப் பாடத்தைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது.

நாம் அந்தப் பாடத்தில் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். 2024 டிசம்பர் 30 அன்று ஒரே பிஎஸ்எல்வியில் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டு போயின. ஒவ்வொன்றும் 220 கிலோ. இணைப்பை ஒரே மூச்சில் செய்துவிடவில்லை. தேதி தள்ளிப்போனது. கிட்டே போய், 15 மீட்டரில் நின்று, 3 மீட்டர் வரை நெருங்கி, பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். ‘தோத்துட்டாங்கப்பா’ என்று அன்றைக்கு ஒரு கூட்டம் எழுதித் தள்ளியது. பின்வாங்கத் தெரிவதுதான் அந்த வேலையில் பாதி என்பதை யாரும் சொல்லவில்லை. 2025 ஜனவரி 16 அன்று இணைந்தன. மார்ச் 13 அன்று பிரிந்தன. கலங்கள் பூமியைச் சுற்றிவரும் வேகம் மணிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் என்றாலும், தொடும் நேரத்தில் இரண்டுக்கும் நடுவே உள்ள வேகம் நத்தை வேகம். நொடிக்குப் பத்து மில்லிமீட்டர் அளவுதான். அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து நாம் நாலாவது.

220 கிலோவை இணைப்பதும் பல டன்களை இணைப்பதும் ஒன்றல்ல. தொட்டிக்குள் எரிபொருள் தளும்பும்போது கலம் சொன்ன பேச்சைக் கேட்காது. சந்திரயான்-4இன் உண்மையான பரீட்சை நிலாவில் இருப்பதைவிடப் பூமியின் தலைக்கு மேலே நடக்கும் அந்த இணைப்பில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

வாடகை வழி

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். சந்திரயான்-5, ஜப்பானோடு கூட்டு. அவர்களின் எச்3 ராக்கெட்டில் போகும். 250 கிலோ எடையுள்ள வண்டி இறங்கும் என்று இஸ்ரோ 2025இல் சொன்னது. பிரக்யானைவிடப் பத்து மடங்கு பெரியது. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனதும் ஃபால்கன்-9இல் இடம் வாங்கித்தான். நாசாவே இதைச் செய்திருக்கிறது. வியாழனின் துணைக்கோளை ஆராயும் யூரோப்பா கிளிப்பர் கலம் எஸ்எல்எஸ்ஸில் போக வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டிருந்தது. கடைசியில் 2024 அக்டோபர் 14 அன்று தனியார் ஃபால்கன் ஹெவியில்தான் கிளம்பியது. சொந்த ராட்சதன் வீட்டில் இருக்கும்போதே வாடகைக்குப் போனார்கள் என்றால் கணக்கு எவ்வளவு பச்சையாக இருந்திருக்க வேண்டும்!

அறிவியலுக்கு இது நல்ல வழி. கௌரவம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இதையே முழு வழியாக எடுத்தால் நம் அட்டவணை அடுத்தவர் கையில். 1990களில், மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பத்தை ரஷ்யா தருவதாக இருந்து, அமெரிக்க நெருக்குதலில் அது நின்றுபோனது. அந்த அனுபவம் உள்ள நாடு மறக்க மாட்டாது. கூட்டுக்கு இந்த வழி, முதுகெலும்புக்கு வேறு.

1962லும் இதே சண்டை

இந்த விவாதம் புதிதில்லை. அப்பல்லோவின் தொடக்கத்தில் நாசாவுக்குள் மூன்று கட்சிகள். ஒன்று, நோவா என்ற இன்னும் பெரிய ராக்கெட்டைக் கட்டி நேரே போய் இறங்குவோம் என்றது. வெர்னர் வான் பிரவுன் தரப்பு, பூமியைச் சுற்றும்போதே இணைத்துக்கொண்டு போவோம் என்றது. ஜான் ஹூபோல்ட் என்ற பொறியாளர், நிலாவைச் சுற்றும்போது இணைவோம், இறங்குவதற்குச் சின்னக் கலம் போதும் என்று மேலதிகாரிகளைத் தாண்டிக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அப்போது விண்வெளியில் எந்த இரண்டு கலமும் இணைந்ததே கிடையாது. கிறுக்குத்தனம் என்றார்கள். 1962 ஜூனில் வான் பிரவுனே ஹூபோல்ட் பக்கம் சாய்ந்தார். ஜூலையில் முடிவு அறிவிக்கப்பட்டது. முதல் இணைப்பு 1966 மார்ச்சில், ஜெமினி-8இல், நீல் ஆம்ஸ்ட்ராங் கையால் நடந்தது. நோவா கட்டப்படவே இல்லை. பணம் குறையாத நாடு, அவசரத்தில் இருந்த நாடு, அதுவே இன்னும் பெரிய ராக்கெட்டை விட்டுவிட்டு இணைப்பைத் தேர்ந்தெடுத்தது.

அப்படியானால் நமக்கு?

மண் எடுப்பது, வண்டி இறக்குவது, இவற்றுக்கு மூன்றாவது வழியே, இரண்டு அனுப்பி மேலே இணைப்பதே, என் தேர்வு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சந்திரயான்-3 பூமியைச் சுற்றிச் சுற்றி, பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, 40 நாள் எடுத்துப் போனது. இயந்திரத்துக்கு 40 நாள் பெரிதில்லை. நேரமிருந்தால் சின்ன ராக்கெட்டே போதும்.

மனிதர் விஷயம் வேறு. 40 நாள் சுற்றவிட முடியாது. சாப்பாடு, தண்ணீர், காற்று ஒரு பக்கம். பூமியைச் சூழ்ந்திருக்கும் கதிர்வீச்சு வளையங்களை ஒவ்வொரு சுற்றிலும் கடக்க வேண்டியிருப்பது இன்னொரு பக்கம். மூன்று நாலு நாளில் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஏறக்குறைய 50 டன்னை நிலாவை நோக்கித் தள்ள வேண்டும்: அப்பல்லோ ஒரே சாட்டர்னில் தள்ளினது அவ்வளவுதான். சீனா 2030க்குள் போகத் திட்டமிடுவதும் அந்தக் கணக்கில்தான்: நிலாவை நோக்கி 27 டன் தள்ளும் லாங் மார்ச்-10 இரண்டு, ஒன்றில் இறங்குகலம், இன்னொன்றில் மனிதர்கள், நிலாவருகே இணைப்பு.

நம்மிடம் வரப்போவது என்ஜிஎல்வி என்ற அடுத்த தலைமுறை ராக்கெட். தாழ் சுற்றுப்பாதைக்கு 30 டன், திரும்பி இறங்கும் முதல் கட்டம், எல்விஎம்-3ஐப் போல மூன்று மடங்கு சுமை, செலவு ஒன்றரை மடங்கு என்று அரசு சொல்கிறது. 2024 செப்டம்பரில் 8,240 கோடிக்கு ஒப்புதல், எட்டு வருஷக் கெடு, அதற்குள் மூன்று சோதனைப் பறத்தல்கள். ஆனால் தாழ் பாதையில் இருக்கும் 30 டன்னில் நிலாவை நோக்கிக் கிளம்புவது பாதிக்கும் குறைவுதான். மீதி எரிபொருளாகப் போய்விடும். 50 டன்னுக்கு நாலைந்து ராக்கெட் அனுப்பி, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, ஆவியாகும் எரிபொருளோடு காத்திருக்க வேண்டும். செய்யலாம், ஆனால் மனிதர் உயிரை வைத்து அத்தனை முடிச்சுப் போடுவது எனக்கு உவப்பில்லை. அங்கே 70 டன் வகைப் பெரிய ராக்கெட்டுக்கு நியாயம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இஸ்ரோ தலைவர் நாராயணன் 75 டன் தூக்கும் ராக்கெட்டைப் பற்றிப் பேசியது காற்றில் கட்டிய கோட்டை இல்லை.

ஆனால் எப்போது? தீவில் பிறந்த ஒருவர் திட்ட இயக்குநராக இருந்து செய்த எஸ்எல்வி-3, 1979இல் முதல் தடவை கடலில் விழுந்து, 1980 ஜூலை 18 அன்று 35 கிலோ ரோகிணியைக் கொண்டுபோனது. அந்த ராக்கெட் 17 டன். அங்கிருந்து 640 டன்னுக்கு வர நம்மவர்கள் படிப்படியாகத்தான் வந்தார்கள்; திட எரிபொருளுக்குப் பிறகு திரவம், அதற்குப் பிறகு கிரையோஜெனிக். நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்ததில்லை. 75 டன் ராக்கெட்டுக்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. மீத்தேன் எஞ்சின்கள் கொத்தாக எரிய வேண்டும், முதல் கட்டம் திரும்பி நிற்க வேண்டும். இரண்டும் என்ஜிஎல்வியில் கற்கக்கூடியவை. 30 டன்னில் கற்றுக்கொண்டால் தோல்வியின் விலை குறைவு.

அதனால் என் கணக்கில் பணம் போகும் வரிசை இப்படி: முதலில் சந்திரயான்-4இன் இணைப்பு, அதோடு என்ஜிஎல்வியும் மூன்றாவது ஏவுதளமும். சுற்றுப்பாதையில் எரிபொருள் மாற்றும் சோதனைக்கு, ஸ்பேடெக்ஸ் மாதிரி சின்ன அளவிலாவது, இப்போதே ஒரு தொகை. அது இன்று யாரும் பெரிதாகக் கேட்காத செலவு. பத்து வருஷம் கழித்து எல்லாரும் கேட்பார்கள். 75 டன் ராக்கெட்டுக்கு வரைபடமும் எஞ்சின் வடிவமைப்பும் ஓடட்டும். தகரம் வெட்டும் முடிவை, என்ஜிஎல்வியின் முதல் கட்டம் இரண்டு மூன்று தடவை முழுசாகத் திரும்பி வந்து நின்ற பிறகு, 2030களின் தொடக்கத்தில் எடுத்தால் போதும். 2040க்கு அப்போதும் ஏழெட்டு வருஷம் கையில் இருக்கும்.

இந்த முடிவை நான் மாற்றிக்கொள்ள ஒரே ஒரு காரணம் போதும். சந்திரயான்-4இன் பகுதிகள் பூமிக்கு மேலே சந்தித்து, எடை கூடியதாலேயே இணைய முடியாமல் திணறினால், அந்தக் குறை சென்சாரிலோ மென்பொருளிலோ இல்லாமல் முறையிலேயே இருந்தால், அன்றைக்கு ராட்சத ராக்கெட் கட்சிக்கு மாறிவிடுவேன். அதுவரை டீக்கடையில் என் ஓட்டு இரண்டு எல்விஎம்-3களுக்குத்தான்.